வீர் காதா போட்டிக்கு 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி

நாட்டுக்காகப் போரிட்டு வீரதீர விருது பெற்றவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையால் வரைந்தும் எழுதியும் நினைவுகூரும் போட்டி வீர் காதா. பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 2021 முதல் நடத்துகின்றன. முதல் ஆண்டில் சுமார் 8 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். நான்காம் பதிப்பில் அது 1.76 கோடி ஆனது. தேசிய அளவில் 100 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு 10,000 ரூபாய் பரிசளித்து, தில்லி குடியரசு நாள் அணிவகுப்புக்கு விருந்தினராக அழைத்தார்கள்.

எண்ணிக்கையைப் பார்த்ததுமே ஒன்று புரியும். பரிசைக் குறிவைத்துப் பிள்ளையைத் தயார் செய்வதில் அர்த்தமில்லை. ஒரு வீரரின் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்வை அந்தப் பிள்ளை உண்மையாகத் தெரிந்துகொண்டு, தானே ஒரு படமோ பத்தியோ செய்து முடிப்பதுதான் இதில் கிடைக்கும் பெரிய பலன். அப்படிச் செய்யும் பிள்ளைகளின் படைப்புதான் மாவட்ட அளவிலும் தனித்துத் தெரிகிறது. குவியும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: நடுவில் இந்திய வரைபடம், மேலே கொடி, ஓரத்தில் சல்யூட் அடிக்கும் முகமில்லாத ஒரு படைவீரர். அவர் யார் என்று கேட்டால் வரைந்த பிள்ளைக்கே தெரியாது.

சுற்றறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை

தலைப்புகளும் கடைசி நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டுச் சுற்றறிக்கையை அச்செடுத்து நான்கு இடங்களில் அடிக்கோடிடுங்கள்: தலைப்புகள், 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அனுமதித்துள்ள வடிவங்கள், எழுதலாம் என்று குறித்துள்ள மொழிகள், கோப்பின் வகையும் அளவும். இந்தப் பிரிவுக்குக் கவிதை, 150 சொல்லில் ஒரு பத்தி, ஓவியம், பல்லூடகம் ஆகியவை வடிவங்களாக இருந்து வருகின்றன.

பள்ளியில் எத்தனை பேர் கலந்துகொண்டாலும் மேலே போவது நான்கு படைப்புகள்தான். 12ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் பிரிவுக்கு ஒன்று என்பதால், சிறிய பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரே இடம். 5ஆம் வகுப்போடு முடியும் தொடக்கப் பள்ளிக்கு நான்கும் இந்தப் பிரிவிலேயே கிடைக்கும். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. பலர் இதைக் கவனிக்காமல் ஒரே ஒரு படத்தை மட்டும் ஏற்றிவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

வேலைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் ஆளைத் தேர்ந்தெடுக்கவும் தகவல் சேர்க்கவும், இரண்டாம் வாரம் கைவரைவுக்கும் முதல் பிரதிக்கும், மூன்றாம் வாரம் இறுதிப் பிரதிக்கும் பதிவேற்றத்துக்கும். கடைசி இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தளம் திணறும்.

ஒரு வீரர், ஒரு நிமிடம்

“பிடித்த வீரரைப் பற்றி எழுது” என்றால் வகுப்பு முழுவதும் ஒரே பெயரைத்தான் எழுதும், அண்மையில் திரையில் பார்த்தவரின் பெயரை. அதற்குப் பதிலாக ஆறேழு வீரர்களை நீங்களே தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் பற்றி நான்கு வரி சொல்லிவிட்டு, பிள்ளையைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போர் என்றால் என்னவென்று முழுதாகப் பிடிபடாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருந்தால் பிடித்துக்கொள்ளும். இவை அதற்கு நன்றாகப் பொருந்துபவை:

மேஜர் சோம்நாத் சர்மா. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை முதலில் பெற்றவர். 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில் போரிட்டபோது அவர் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. பின்தங்கி இருக்கச் சொல்லியும் தன் படையோடு போனார். அந்தக் கட்டுப்போட்ட கைதான் படத்துக்கான பொருள்.

அப்துல் ஹமீது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், ஒரு ஜீப்பின்மேல் பொருத்திய பீரங்கியோடு எதிரி டாங்கிகளை எதிர்த்து நின்றவர். சின்ன ஜீப், பெரிய டாங்கி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த அளவு வேறுபாடு சட்டென்று புரியும், வரையவும் வரும்.

நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஒருவர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத்தளத்தைத் தாக்க வந்த விமானங்களை எதிர்த்து, நேட் என்ற சிறிய விமானத்தில் ஏறிப் பறந்தவர்.

பாணா சிங். 1987இல் சியாச்சினில் செங்குத்தான பனிச்சுவரில் ஏறிப்போய்ச் சிகரத்தை மீட்டவர்.

யோகேந்திர சிங் யாதவ். 1999 ஜூலையில் டைகர் ஹில் பாறையில், பின்னால் வருபவர்களுக்காகக் கயிறு கட்டிக்கொண்டே ஏறியவர். அப்போது வயது 19. கயிறுதான் இந்தப் படத்தின் உயிர்.

தமிழ்நாட்டிலிருந்து: கார்கில் போரின்போது 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர்நீத்த திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன் (வீர் சக்ரா), 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜன் (அசோக சக்ரா), 2020 ஜூன் 15 அன்று கல்வானில் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி (வீர் சக்ரா). உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தால் அவரை முதலில் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஊர்ப் பெயர் தெரிந்ததாக இருப்பதே பாதி ஈடுபாட்டைக் கொண்டுவந்துவிடும்.

தாத்தாவோ சித்தப்பாவோ படையில் இருந்த பிள்ளை அவரைப் பற்றியே எழுத ஆசைப்படும். மனம் நெகிழ வைக்கும் ஆசைதான். ஆனால் தலைப்பு விருது பெற்றவரைக் கேட்டால், படைப்பு தலைப்பை விட்டு விலகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. தாத்தா தன் பேரனுக்குச் சோம்நாத் சர்மாவின் கதையைச் சொல்வதுபோல் பத்தியை அமைக்கச் சொல்லுங்கள். தாத்தாவும் வருவார், தலைப்பும் நிற்கும்.

தகவல் எங்கே பிழையாகிறது

பாதுகாப்பு அமைச்சகத்தின் கேலண்ட்ரி அவார்ட்ஸ் இணையதளத்தில் வீரர் பெயரைத் தேடினால் படைப்பிரிவு, விருது, ஆண்டு ஆகியவை கிடைக்கும். அங்கிருந்து ஐந்து தகவலைப் பிள்ளை தன் கையெழுத்தில் ஒரு அட்டையில் எழுதட்டும்: பெயர், அன்றைய பதவி, படைப்பிரிவு, நிகழ்வு நடந்த இடமும் நாளும், விருது. இந்த அட்டை கடைசிவரை பிள்ளையின் மேசைமேல் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தோடு இயங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால், அந்த மாவட்டத்தில் விருது பெற்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள் ஐந்து.

உயிரோடு இருப்பவருக்கு வீரமரணம் எழுதிவிடுவது. பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்குத்தான் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. பாணா சிங், யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார் மூவரும் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள். யாதவுக்கு விருது அறிவித்தபோதே மறைவுக்குப் பின் என்றுதான் முதலில் செய்தி வந்தது. அவர் மருத்துவமனையில் உயிரோடு இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் பழைய செய்தித்தாள் துணுக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

விருதை மாற்றி எழுதுவது. பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா மூன்றும் போர்முனையில் எதிரியை நேர்கொண்டதற்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா மூன்றும் மற்றச் சூழல்களில் காட்டிய வீரத்துக்கு. முகுந்த் வரதராஜனுக்குப் பரம்வீர் சக்ரா என்று எழுதுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

பதவியைக் கூட்டி எழுதுவது. பாணா சிங் அந்தப் பனிச்சுவரில் ஏறியபோது நாயப் சுபேதார்; கௌரவ கேப்டன் ஆனது பிற்பாடு. நிகழ்வு நடந்த நாளில் என்ன பதவியோ அதையே எழுத வேண்டும்.

நடிகரின் முகத்தை வரைவது. கைபேசியில் பெயரைத் தேடினால் அவராக நடித்தவரின் படம்தான் முன்னால் வந்து நிற்கும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களும் இப்போது கலந்து வருகின்றன. அரசுத் தளத்தில் உள்ள படத்தை அச்செடுத்து நீங்களே கொடுத்துவிடுங்கள்.

காலத்துக்குப் பொருந்தாத உடை, ஆயுதம். 2022இல் அறிமுகமான புள்ளிப் புள்ளியான புதிய சீருடையை 1965இன் அப்துல் ஹமீதுக்கு மாட்டிவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் பழைய காலத் தரைப்படைக்குக் கரும்பச்சை ஒரே நிறம் போதும்.

ஓவியம்

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் மிக இயல்பாக வரும் வடிவம். அதனாலேயே பெரியவர்களின் கை அதிகம் நுழைவதும் இதில்தான்.

தாள் ஏ3 அளவில், கெட்டியாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். ஏ4 சின்னது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் முகம் அதில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, வண்ணம் தீட்டியதும் காணாமல் போகும். பளபளப்பான சார்ட்டில் ஆயில் பேஸ்டல் வழுக்கும். ஸ்கெட்ச் பேனாவால் பெரிய பரப்பை நிரப்பினால் கோடு கோடாகத் தெரியும், ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்த்தால் தாள் நைந்துவிடும். பெரிய பரப்புக்கு ஆயில் பேஸ்டல், முகத்துக்கும் விரல்களுக்கும் கலர் பென்சில் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மினுமினுப்புத் தூள், ஒட்டும் நட்சத்திரம் எதுவும் வேண்டாம். படமெடுக்கும்போது வெள்ளைப் புள்ளிகளாகத்தான் விழும்.

40 நிமிடப் பாடவேளை நான்கு தேவை.

முதல் வேளையில் ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, நான்கு கட்டத்திலும் அதே நிகழ்வின் நான்கு வெவ்வேறு காட்சிகளைப் பென்சிலால் கிறுக்கச் சொல்லுங்கள். கட்டத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு அந்தக் கதை தெரியாத பக்கத்து வகுப்புப் பிள்ளையிடம் காட்டி, “இதுல என்ன நடக்குது?” என்று கேட்க வேண்டும். எந்தக் கட்டத்துக்குச் சரியாகப் பதில் வருகிறதோ அதுதான் படம். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிள்ளைகள் முதலில் நினைக்கும் காட்சி எப்போதும் வெடிகுண்டும் தீப்பிழம்புமாக இருக்கும். மூன்றாவது நான்காவது கட்டத்தில்தான் கயிறும் மாவுக்கட்டும் வெளியே வரும்.

இரண்டாம் வேளையில் பெரிய தாளில் பென்சில் வரைவு. சுற்றிலும் 2 செ.மீ. விளிம்பு விடச் சொல்லுங்கள். படமெடுக்கும்போது ஓரம் வெட்டுப்படும். வீரரின் உருவம் தாள் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. முகம் 5 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். பென்சிலை அழுத்த வேண்டாம், அழுத்திய பள்ளம் பேஸ்டல் போட்ட பிறகும் தெரியும்.

மூன்றாவதும் நான்காவதும் வண்ணத்துக்கு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு, மேலிருந்து கீழே. வானத்தைக் கடைசியில் போட்டால் கை பட்டு மலையெல்லாம் ஈஷிக்கொள்ளும். கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் வைத்துக்கொள்ளட்டும். உதிரும் பேஸ்டல் துகளை ஊத வேண்டும், துடைக்கக் கூடாது. சீருடைக்கு வெறும் பச்சை பூசினால் இலை மாதிரி இருக்கும். பச்சைமேல் பழுப்பை லேசாகத் தேய்த்தால் கரும்பச்சை வரும். கடைசியாக உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கலர் பென்சிலால் ஒரு கோடு. கைபேசிப் படத்தில் உருவம் எடுப்பாகத் தெரிய அந்தக் கோடுதான் உதவும்.

தேசியக் கொடி வரைந்தால் சரியாக வரைய வேண்டும், இல்லையேல் விட்டுவிடலாம். நீளம் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. 9 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம் என்றால் பட்டைக்கு 2 செ.மீ. என்று எளிதாகப் பிரியும். சக்கரம் வெள்ளைப் பட்டைக்குள் சுமார் ஒன்றரை செ.மீ. விட்டத்தில், கடல்நீல நிறத்தில், 24 ஆரங்களோடு இருக்க வேண்டும். வட்டத்தை முதலில் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால்பகுதிக்குள்ளும் ஐந்து கோடு போட்டால் கணக்கு 24 வந்துவிடும். கூரான கலர் பென்சில்தான் இதற்கு. காவி மேலே, பச்சை கீழே. கொடி காற்றில் மடிவதாக வரையும்போது இது தலைகீழாவதைப் பார்க்கிறோம். கொடிமேல் எழுத்து எதுவும் எழுத வேண்டாம்.

பதக்கம் வரைய விரும்பினால்: பரம்வீர் சக்ரா வெண்கல நிறத்தில் வட்டமானது, நாடா முழுவதும் ஊதா. மகாவீர் சக்ராவின் நாடா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவுக்குப் பாதி நீலம், பாதி ஆரஞ்சு. அசோக சக்ராவின் நாடா பச்சை, நடுவில் ஒரு ஆரஞ்சுக் கோடு.

ரத்தத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். காயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிரியைக் கொல்வதை வரைவதைவிட, தன் ஆட்களைக் காப்பதை வரையச் சொல்லுங்கள். வகுப்பில் அப்பா எல்லையில் இருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். படத்தை ஒட்டும் வகுப்புச் சுவரை அந்தப் பிள்ளையும் பார்க்கும். அண்டை நாட்டையோ ஒரு மதத்தாரையோ கேவலப்படுத்தும் வரி, உருவம் எதற்கும் இடம் தராதீர்கள்.

பெரியவர் கைபட்ட படம் பார்த்ததும் தெரிந்துவிடும். முகத்தில் நிழல் விழுந்திருக்கும், கையில் ஆறு விரல் இருக்கும். முன்னது அம்மா போட்டது, பின்னது பிள்ளை போட்டது. இறுதிப் பிரதியை வீட்டுக்கே அனுப்பாமல் பள்ளியிலேயே வரைந்து முடிப்பதுதான் இதற்கு ஒரே தீர்வு.

150 சொல்லில் ஒரு பத்தி

ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல் பிடிப்பதைத் தமிழ் இரண்டு சொல்லில் சொல்லிவிடும். அதனால் தமிழில் 150 சொல் என்பது பிள்ளைக்கு நிறைய. ஏழு சொல் கொண்ட வாக்கியமாக எழுதினால் ஏறக்குறைய 20 வாக்கியம். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கத்தைத் தாண்டும். இப்படிப் பங்கிடலாம்: யார், எந்த ஊர் என்று 3 வாக்கியம், அந்த ஒரு நிகழ்வுக்கு 9, அதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்று 3, நான் இனி என்ன செய்வேன் என்று 5.

இந்தக் கடைசிப் பகுதியில்தான் எல்லாப் பத்தியும் சாய்கிறது. “நானும் நாட்டுக்காக உயிரைக் கொடுப்பேன்” என்று எட்டு வயதுப் பிள்ளை எழுதினால் அது யாரோ சொல்லிக்கொடுத்த வரி. “யாதவ் பின்னால் வருபவர்களுக்குக் கயிறு கட்டினார். எங்கள் வகுப்பில் கணக்கு வராத கவிதாவுக்கு நான் வாய்பாடு சொல்லித்தருவேன்” என்பது அந்தப் பிள்ளைக்கே சொந்தமானது. வீரரின் செயலுக்கும் பிள்ளையின் அன்றாடத்துக்கும் இப்படி ஒரு இணைப்பைத் தேடச் சொல்லுங்கள்.

முதலில் பிள்ளையை வாயால் சொல்லவிட்டு, கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதைப் போட்டுக் கேட்டு அதுவே எழுதட்டும். நேராக எழுதச் சொன்னால் பாடநூல் நடைக்குத் தாவிவிடும். எழுத்துப்பிழையை வட்டமிட்டுக் காட்டலாம், வாக்கியத்தை மாற்றக் கூடாது. கணினி இடைவெளியை வைத்துத்தான் சொல் எண்ணும். “ஏறிக் கொண்டிருந்தார்” அதற்கு இரண்டு சொல். 140க்குள் நிறுத்திக்கொண்டால் சிக்கலில்லை.

கவிதை

எட்டு முதல் பன்னிரண்டு அடி போதும். எதுகையும் மோனையும் விளையாட்டாகவே பிள்ளைகளுக்குப் பிடிபடும். ஒரு மாதிரி:

கட்டுப் போட்ட கையோடு
காவல் காக்கப் போனாரே!
எட்டி இருக்கச் சொன்னாலும்
என்படை என்றே சென்றாரே!

முதல் அடியும் மூன்றாம் அடியும் “கட்டு, எட்டி” என்று இரண்டாம் எழுத்தில் ஒத்துப்போகின்றன. அடிக்கு மூன்று சொல், கைதட்டிக்கொண்டே சொல்லலாம். கரும்பலகையில் இதை எழுதிக் காட்டியபின் அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் முப்பது பேரும் மாவுக்கட்டுக் கவிதையையே எழுதித் தருவார்கள். அடுத்து, அவரவர் வீரரின் பொருளுக்கு ஒத்த ஓசையில் சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: கயிறு, உயிர், வயிறு, பனி, தனி, இனி. அந்தச் சொற்பட்டியலிலிருந்தே கவிதை வளரும்.

பல்லூடக வடிவத்தில், நடித்துக் காணொளி அனுப்புவதானால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இந்த வயதில் தாங்காது. சுற்றறிக்கை அதற்கும் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு. மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல்தான் குரலை விழுங்கும். சன்னல் பிள்ளையின் முதுகுப்பக்கம் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். கைபேசியைப் படுக்கைவாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், நாற்காலிமேல் புத்தகங்களில் சாய்த்து வையுங்கள்.

தேர்வும் பதிவேற்றமும்

பள்ளி அளவில் இரண்டு ஆசிரியர்கள் பெயர் பார்க்காமல் மதிப்பிடட்டும். பெயரைப் பின்பக்கம் எழுதச் சொல்லி, முன்பக்கம் எண் மட்டும் இடுங்கள். 20 மதிப்பெண் என்றால் சொந்தச் சிந்தனைக்கு 8, தகவல் சரியாக இருப்பதற்கு 6, தலைப்போடு பொருந்துவதற்கு 4, நேர்த்திக்கு 2 தரலாம். நேர்த்திக்கு அதிகம் கொடுத்தால் ஓவிய வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கே எப்போதும் போகும். முன்னணியில் உள்ள பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து, படத்தைக் காட்டி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். தானே செய்த பிள்ளை நிறுத்தாமல் பேசும்.

படமெடுக்கச் சிறந்த நேரம் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள், வராந்தா நிழலில். நேர் வெயிலில் பேஸ்டல் பளிச்சிடும், குழல்விளக்குக்குக் கீழே கைபேசியின் நிழல் விழும். தாளைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் சிறு கல் வைத்து, நேர் மேலிருந்து ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். சாய்வாக எடுத்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். எடுத்ததைப் பெரிதாக்கி முகமும் எழுத்தும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிறகு ஏற்றினால் தரம் குறைந்துவிடும். கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றுங்கள். வண்ணத்தைத் திருத்தும் செயலிகள் காவியைச் சிவப்பாக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிள்ளையின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். முதலெழுத்து மாறினாலும் பின்னால் சான்றிதழில் அது அப்படியே வரும். பதிவேற்றியதும் கிடைக்கும் ஒப்புகையை அச்செடுத்து, அசல் படைப்போடு ஒரே உறையில் வையுங்கள். ஆயில் பேஸ்டல் படத்தைச் சுருட்டாமல், மேலே பட்டர் பேப்பர் போட்டுத் தட்டையாக வைக்க வேண்டும்.

மற்றப் படங்கள் அலமாரிக்குப் போக வேண்டியவை அல்ல. டிசம்பர் 7 கொடிநாள். அன்று எல்லாப் படங்களையும் வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டி, ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரர் ஒருவரை அழையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தின் முன் நின்று, தன் வீரரின் பெயரையும் அந்த ஒரு நிமிடத்தையும் அவருக்குச் சொல்லட்டும்.